ஆண்வேஷம் இல்லாத நாடகம்

ஓர் ஆண்பிள்ளைக்குச் செருமச் சொல்லிக்கொடுப்பதுபோல அலுப்பான வேலை வேறு கிடையாது. பாட்டுச் சொல்லிக்கொடுக்கலாம், வசனம் சொல்லிக்கொடுக்கலாம். செருமலை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

காதர் அண்ணன் ஆர்மோனியப் பெட்டிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். சிம்மக்கல்லுக்கு அந்தப் பக்கம், வைகைக் கரையை ஒட்டியிருந்த தகரக் கொட்டகை அது. மத்தியான வெயிலில் தகரம் சுட்டு, உள்ளே பழைய வெல்வெட்டும் விளக்கெண்ணெயும் வியர்வையும் சேர்ந்து ஒரு வாடை. நான் மேடைக்குக் கீழே இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தேன்.

"ஹும்... ஹும்..." என்றார் அண்ணன்.

"அண்ணே, இது சளி பிடிச்ச மனுசன் செருமுறது. நமக்கு வேண்டியது வீட்டுக்குள்ள வாரவுக செருமுறது."

"எல்லாம் ஒண்ணுதானே தங்கச்சி?"

"ஒண்ணு இல்லண்ணே. ஒங்க வீட்டு வாசல்ல நீங்க எப்படிச் செருமுவீக?"

அவர் யோசித்தார். "நான் எங்க செருமுனேன்? செருப்பக் கழட்டுறப்ப அதுவா வரும்."

"அதுதாண்ணே வேணும்."

மறுபடி செருமினார். இந்தத் தடவை பெட்டியின் சுருதியோடு சுத்தமாகச் சேர்ந்து வந்தது. மேடையில் விளக்குமாற்றோடு நின்ற ரஞ்சிதம் வாயைப் பொத்திக்கொண்டாள். "அக்கா, அண்ணன் செருமுனா எனக்குத் தாளம் போடணும்போல இருக்கு" என்றாள். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

ரஞ்சிதம் ஸ்திரீபார்ட் நடிகை. நாடகம் நான் எழுதியது. நான் எழுதிய முழு நாடகம் அது ஒன்றுதான். அதைப் பற்றி எழுதும்படி பத்திரிகைக்காரர்கள் வாராவாரம் ஆள் அனுப்புகிறார்கள். கண்ணில் புரை விழுந்து, நாலு வரி எழுதினால் எழுத்தெல்லாம் எறும்பாக ஊர்கிறது. ஆனாலும் இந்த வாரம் எழுதித் தொலைத்துவிடுகிறேன்.

செருமல் என்றால்

பட்டணத்து வாசகர்களுக்கு இது விளங்குமோ என்னவோ. எங்கள் பக்கத்தில் ஆண்பிள்ளை வீட்டுக்குள் நேராக நுழைவதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரு செருமு செருமுவார். அது ஓர் அறிவிப்பு. உள்ளே காலை நீட்டிக்கொண்டிருப்பவள் மடக்குவாள். சிரித்துக்கொண்டிருப்பவள் நிறுத்துவாள். உட்கார்ந்திருப்பவள் மாராப்பைச் சரிசெய்துகொண்டு எழுந்து நிற்பாள். பிறந்த வீட்டில் அப்பாவுக்கு அப்படி எழுந்தோம், வந்த வீட்டில் இவருக்கு எழுந்தோம்.

என் வீட்டுக்காரரைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கை ஓங்கியதில்லை, குரல் உயர்த்தியதில்லை. அவர் செருமலில் அதட்டலும் இருக்காது. நான் எழுந்து நிற்க வேண்டும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் செருமல் கேட்டால் நான் நின்றுவிடுவேன். நின்ற பிறகுதான் நிற்பதே எனக்குத் தெரியும்.

ஒரு நாள் தண்டுக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். செருமல் கேட்டது. எழுந்தேன். மடியிலிருந்த கீரையெல்லாம் தரையில் கொட்டியது. வந்தவர் அவர் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் தம் வாசலில் செருமியிருக்கிறார். யாருக்காகவோ நின்றுகொண்டு, கொட்டிக் கிடந்த கீரையைப் பார்த்தேன். எரிச்சல் என்றால் அப்படி ஓர் எரிச்சல். அந்தக் கீரையைப் பொறுக்கும்போதுதான் நாடகம் மனதில் விழுந்தது.

அச்சாபீசுப் படிப்பு

நான் பரவைக்கு மேற்கே ஒரு சம்சாரி வீட்டுப் பெண், அப்பாவுக்கு வயல் வேலை. பசுமலையில் கொஞ்ச நாள் தங்கிப் படித்தேன். படிப்பை நிறுத்தி மதுரையில் கட்டிக்கொடுத்தார்கள். வீட்டுக்காரர் சிம்மக்கல்லில் ஒரு சந்துக்குள் சின்ன அச்சாபீஸ் வைத்திருந்தார். நாடகக் கம்பெனிகளின் பாட்டுப் புத்தகமும் நோட்டீசும்தான் எங்களுக்குச் சோறு.

கசங்கின காகிதத்தில் பாட்டு எழுதிக்கொண்டு வருவார்கள். சீர் ஒரு பக்கம் நொண்டும், எதுகை இன்னொரு பக்கம் நொண்டும். பிழை திருத்த உட்கார்ந்த நான், இரண்டுக்கும் கட்டை வைத்துக் கட்டி அனுப்பினேன். நாளாக ஆகப் பாதிப் பாட்டு என்னுடையதாக இருந்தது. யார் எழுதினது என்று யாரும் கேட்கவில்லை. அதில் வருத்தம்கூட அப்போது இல்லை. வருத்தம் பின்னால்தான் வந்தது. இப்போது அதுவும் அலுத்துவிட்டது.

அத்தனை நாடகங்களைப் படித்ததில் ஒன்று தெரிந்துகொண்டேன். ஆண்கள் எழுதும் நாடகத்தில் பெண்கள் சமைப்பதே இல்லை. ஆனால் விருந்து மட்டும் எப்படியோ வந்துவிடும். இரண்டு பெண்கள் தனியாக நின்று பேசினால், அவர்கள் பேசுவது மூன்றாவதாக ஓர் ஆணைப் பற்றித்தான். அதற்கு மேலே பேசவிட மாட்டார்கள். அதற்குள் பபூன் வந்து குட்டிக்கரணம் போட்டுவிடுவான்.

ரஞ்சிதத்துக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும். ஆனால் அவளும் நாடகம் எழுதுகிறவள்தான், காகிதத்தில் எழுதவில்லை, அவ்வளவே. ஒரு ராஜா கதையில், காட்டுக்குப் போய்த் திரும்பின ராஜா, "நானில்லா நாளில் நீ நெறி தவறாதிருந்தாயோ?" என்று கையை நீட்டிப் பாடுவார். ராணி அழுதுகொண்டே விருத்தம் பாட வேண்டும். ரஞ்சிதம் அழவில்லை. "அது கெடக்கட்டும், காட்டுல ஒங்களுக்குச் சோறு பொங்கிப்போட்டது யாரு?" என்று கேட்டுவிட்டாள். ராஜாவுக்கு அடுத்த அடி மறந்துபோயிற்று. பெண்கள் பக்கத்தில் எழுந்த சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று.

மறுநாள் அச்சாபீசுக்கு வந்து ரஞ்சிதம் இதைச் சொன்னபோது, கீரை விஷயத்தை நான் அவளிடம் சொன்னேன். "எழுதுக்கா. மேடையில நான் நிக்கிறேன்" என்றாள்.

வாத்தியாரின் நிபந்தனை

கம்பெனிகளில் நாடகம் எழுதிப் பழக்குகிறவரை வாத்தியார் என்போம். எங்கள் அச்சாபீசுக்கு வந்துபோகும் வாத்தியார் பெரிய ஞானஸ்தர், வெற்றிலைப் பெட்டி இல்லாமல் வர மாட்டார். என் வீட்டுக்காரரை மாப்ள என்பார், என்னைத் தாயி என்பார். அவரிடம் கதையைச் சொன்னேன்.

கதை இதுதான். ஒரு வீட்டு முற்றம். மூத்தாள் ஒருத்தி, இளையாள் ஒருத்தி. புருஷன் மேடைக்கே வருவதில்லை. செருப்புச் சத்தமும் செருமலும் மட்டும் கேட்கும். அவர்கள் மாவு ஆட்டுகிறார்கள், பேன் பார்க்கிறார்கள், சண்டை போடுகிறார்கள், சிரிக்கிறார்கள். செருமல் கேட்டால் இரண்டு பேரும் எழுந்து நிற்கிறார்கள். கடைசிக் காட்சியில் அந்தி நேரம். மூத்தாள் குத்துவிளக்கை ஏற்றுகிறாள். இளையாளின் கையைப் பிடிக்கிறாள். இரண்டு பேரும் தலைவாசல் வழியாக வெளியே போய்விடுகிறார்கள். காலி மேடையில் விளக்கு மட்டும் எரிகிறது. செருப்புச் சத்தம், செருமல். எழுந்து நிற்க யாரும் இல்லை. திரை.

அந்தச் செருமலுக்கு ஒருதரமாவது யாரும் எழுந்து நிற்காமல் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வாத்தியார் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "இங்கேரு தாயி, ராஜபார்ட் இல்லாம நாடகமா?"

"இருக்காரே, செருமுறாரே."

"செருமுறதக் கேக்க எவன் காசு குடுத்து வருவான்? சரி, அது போகட்டும். விளக்கு வச்ச பெறகு வீட்டவிட்டு ஒரு ஊசியக்கூட வெளிய குடுக்க மாட்டாக. நீ ரெண்டு பொம்பளைகளையே அனுப்புறியே?"

"அதுக்குத்தான் வாத்தியாரே, விளக்கு வச்ச பெறகு அனுப்புறேன்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "மங்களம் பாடாம, காலி மேடையில திரை விழுந்தா கம்பெனிக்கு ஆகாது. விளங்காமப் போயிரும்."

எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலை நிமிராமலே, "ஒரு தடவை போட்டுத்தான் பாருங்களேன் மாமா" என்றார். அவர் எனக்காகப் பேசியது எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

வாத்தியார் யோசித்து ஒரு நிபந்தனை போட்டார். "ஒரே ஒரு பகல் ஆட்டம். பொம்பளைகளுக்கு மட்டும். கடைசித் திரை விழுகுறவரைக்கும் அவுக உக்காந்து பாத்தாகன்னா, ஒன் முடிவோடயே எடுத்துக்கிடுறேன், நோட்டீசுல ஒன் பேரையும் போடுறேன். நடுவுல எந்திரிச்சாகன்னா முடிவும் என்னுது, பேரும் என்னுது. சம்மதமா?"

சம்மதித்தேன். பெண்கள் எழுந்துபோக மாட்டார்கள் என்பதில் எனக்கு அம்புட்டு நிச்சயம்.

படுதா

ராத்திரி ஆட்டம் ஆண்களுக்குத்தான் தோது. விடிய விடியப் பார்த்துவிட்டுப் பகலில் தூங்கலாம். பெண்களுக்குக் கிடைப்பது மத்தியானச் சட்டி பானை கழுவினதற்கும் அந்தி விளக்கு வைப்பதற்கும் நடுவில் உள்ள பொழுது. என் நாடகம் சின்னதாக இருந்ததற்குக் காரணம் கலையும் இல்லை, ஒன்றும் இல்லை. பொழுது சாய்வதற்கு நன்றாக முன்னாலேயே முடியும்படி வெட்டி வெட்டிச் சின்னதாக்கினேன்.

சமீபத்தில் ரேடியோவுக்கு நாடகம் எழுதும் ஒரு பெண் என்னைப் பார்க்க வந்திருந்தாள். பெண்கள் எழுதும் நாடகத்துக்கென்று தனியாக ஓர் இலக்கணம் உண்டா என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த இலக்கணம் ஒன்றுதான் அம்மா, உலை கொதிப்பதற்குள் முடி என்றேன். சிரித்தாள். நான் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

காதர் அண்ணனின் வீட்டம்மா ஹமீதா பீவி ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார். "ஆம்பளைக கண்ணு படாம இருந்தா எங்க தெருப் பொண்டுகளும் வாரோம்." உடனே நான் கொட்டகையைச் சுற்றிக் கெட்டிப் படுதா கட்டச் சொன்னேன். தகரத்தில் ஓட்டை இருந்த இடமெல்லாம் சாக்கை வைத்து அடைத்தேன். காதர் அண்ணன் உட்காரும் இடத்தை ஒரு தட்டியால் மறைத்தேன். அவருக்குச் சபை தெரியாது, சபைக்கு அவர் தெரியாது. பட்டப்பகலில் உள்ளே குகை மாதிரி இருட்டு. மேடைக்கு மட்டும் ஒரு பெட்ரோமாக்ஸ். எல்லாம் என் யோசனை. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

அந்த மத்தியானம்

வந்தார்கள். நான் நினைத்ததற்கு மேலேயே வந்தார்கள். கூண்டு வண்டிகளில் காதர் அண்ணன் தெருக்காரர்கள், பரவையிலிருந்து காய் விற்றுவிட்டு வெறும் கூடையோடு வந்தவர்கள், கடைக்காரர் வீட்டு மருமக்கள், எல்லோர் இடுப்பிலும் ஒரு பிள்ளை. மல்லிகையும் வெற்றிலையும் பால் வாடையுமாகக் கொட்டகை நிறைந்தது. ஆண்களுக்கு அனுமதி இல்லாததால் வாத்தியார் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொண்டார், யார் எழுந்து வருகிறார்கள் என்று பார்ப்பதற்கு.

நான் கடைசிப் பாயில் உட்கார்ந்தேன்.

முதல் செருமல் கேட்டதும் கொட்டகை சிரித்தது. "அடி ஆத்தீ, எங்க வீட்டாளு மாதிரியே இருக்கே!" என்றாள் ஒருத்தி. ரஞ்சிதமும், இளையாளாக நடித்த ராஜாமணியும் ஆட்டுக்கல்லை விட்டு எழுந்து நின்றார்கள். அடுத்த செருமலுக்குச் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது. அதற்கடுத்ததற்கு இன்னும் குறைந்தது. பிறகு ராஜாமணி கேட்டாள்: "அக்கா, அவுக இன்னும் உள்ள வரவே இல்ல. நாம எதுக்கு நிக்கிறோம்?"

"நின்னு பழகிருச்சுடி" என்றாள் ரஞ்சிதம்.

கைக்குழந்தை அழுகிற சத்தம்கூட அப்போது இல்லை. எனக்கு முன்னால் இருந்த பரவைக்காரி கூடையைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

ரஞ்சிதம் விளக்கை ஏற்றினாள்.

திரி ஒவ்வொன்றாகப் பற்றியது. பெட்ரோமாக்ஸைத் தணித்துவிட்டார்கள். இருட்டுக் கொட்டகையில் குத்துவிளக்கு மட்டும் எரிந்தது. சபையில் இருந்த கைகள் தாமாகக் குவிந்தன. ஹமீதா பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார். எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது:

"ஆத்தீ, விளக்கு வச்சாச்சு!"

அவ்வளவுதான். சபை எழுந்தது.

"மாடு கத்திக்கிட்டு நிக்கும்." "எங்க மாமியா கொன்னுபோடும்." "பாங்கு சொல்லிருப்பாகளோ? எந்திரி புள்ள." பிள்ளைகளைத் தூக்கினார்கள், கூடையைத் தூக்கினார்கள். படுதா கட்டி நான் வெயிலை அடைத்திருந்தேன். உள்ளே இருந்தவர்களுக்குப் பொழுது என்பது மேடை விளக்கு ஒன்றுதான்.

"இன்னும் முடியலம்மா, உக்காருங்க, உக்காருங்க!" என்று நான் வாசலை மறித்தேன்.

பரவைக்காரி என் கன்னத்தைத் தொட்டாள். "முடிஞ்சுபோச்சு தாயி. அதான் விளக்கு ஏத்திட்டாளே. இனிமே அந்தக் குடும்பம் விளங்கிரும். நல்ல கதை." அவள் கண் கலங்கியிருந்தது. நான் யார் என்று அவளுக்குத் தெரியாது.

வெளியே வைகை மணலில் வெயில் கண்ணைக் கூசவைத்தது. "அடியே, பொழுது இன்னும் கெடக்கே!" என்று சிரித்தார்கள். ஆனால் எழுந்தவர்கள் திரும்பி வரவில்லை. விளக்கு ஏற்றின பிறகு ஒரு கதையில் பார்க்க என்ன இருக்கிறது?

பிறகு

வாத்தியார் சொன்ன சொல் தவறாதவர். "ஒன்மேல குத்தம் இல்ல தாயி. விளக்க ஏத்தாம இருந்தா உக்காந்திருப்பாக" என்று ஆறுதல்கூடச் சொன்னார். நாடகத்தை எடுத்துக்கொண்டார். புருஷன் வெல்வெட் கோட்டுப் போட்டுக்கொண்டு மேடைக்கு வந்தார். கடைசியில் விளக்கேற்றி, இரண்டு மனைவிமாரும் இரண்டு பக்கம் நிற்க, மங்களம். யுத்தம் வரும்வரை அது ஊர் ஊராக நன்றாக ஓடியது. பாட்டுப் புத்தகம் எங்கள் அச்சாபீசில்தான் அச்சானது. முகப்பில் வாத்தியார் பெயர். பிழை திருத்தியது நான்.

ரஞ்சிதமும் அதில் நடித்தாள். வயிறு இருக்கிறதே. ஒரு தடவை என்னைப் பார்த்தபோது, "தெனமும் விளக்கு ஏத்துனதும் காலு வாசப்பக்கம் திரும்புதுக்கா. திருப்பிக் கொண்டாந்து நிறுத்துறேன்" என்றாள்.

இப்போதும் யாராவது வயதான பெண்கள் என்னிடம் அந்த விளக்கு நாடகத்தைச் சொல்லி உருகுவதுண்டு. அந்த முடிவு என்னுடையது இல்லை என்று திருத்திச் சொல்லித் திருத்திச் சொல்லி வாய் ஓய்ந்துவிட்டது. இப்போது தலையை ஆட்டிவிடுகிறேன்.

ஆனால் நான் சொல்ல உட்கார்ந்தது இதை இல்லை. அந்த மத்தியானத்தில் ஒரு துளி மீதி இருக்கிறது. அதை நான் ரஞ்சிதத்திடம்கூடச் சொன்னதில்லை.

பெண்கள் எழுந்த இரைச்சலில், மேடைக்காரிகள் இரண்டு பேரும் நிறுத்தவில்லை. பழகின நடிகைகள், சபையில் என்ன நடந்தாலும் வசனத்தை விட மாட்டார்கள். "வாடி, போவோம்" என்று ரஞ்சிதம் சொன்னது யார் காதிலும் விழுந்திருக்காது. கைகோத்து வெளியே போனார்கள்.

நான் வாசலிலிருந்து திரும்பி வந்து அதே பாயில் உட்கார்ந்தேன். கொட்டகை காலி. நசுங்கின மல்லிகையும் கடலைத்தோலும் கிடந்தன. மேடையும் காலி. விளக்கு மட்டும், நான் எழுதினபடியே எரிந்துகொண்டிருந்தது.

தட்டிக்குப் பின்னால் இருந்த காதர் அண்ணனுக்கு எதுவும் தெரியாது. இரைச்சல் அடங்கினதும், பெண்கள் எல்லாம் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். சொல்லிக்கொடுத்தபடி கொஞ்சம் பொறுத்தார். செருப்பைக் கீழே போடும் சத்தம் கேட்டது.

பிறகு செருமினார். அத்தனை நாள் பழக்கியும் வராதது அன்று வந்தது. அதில் சுருதி இல்லை, தாளம் இல்லை. அலைந்து களைத்த ஒரு மனுஷன் தன் வீட்டு வாசலில் செருமுகிற செருமல்.

மேடையில் யாரும் எழுந்து நிற்கவில்லை.

கீழே, காலிப் பாய்களுக்கு நடுவில், நான் மாராப்பைச் சரிசெய்துகொண்டு நின்றிருந்தேன்.